கிருமி மாத்திரைக்குப் பழகிவிட்டதா?

கேள்வி: என் தம்பி காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். போன ஏப்ரலில் அவனுக்கு டிபி என்று தெரிந்தது. அப்போது எடுத்த சளி டெஸ்டில் 'மருந்து கேட்கும் கிருமிதான்' என்றார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இரண்டு மாதம் கரையில் இருந்து ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டான். இருமல் நின்றது, உடம்பும் தேறியது. தடை முடிந்து கடலுக்குப் போக ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது. கரையில் இருக்கும் நாளில் சாப்பிடுவான், கடலில் இருக்கும் பத்துப் பதினைந்து நாளும் விட்டுவிடுவான். டிசம்பரில் சளியில் ரத்தம். இப்போது எடுத்த டெஸ்டில் ரிஃபாம்பிசின், ஐசோநயசிட் இரண்டுமே கேட்காது என்கிறார்கள். முதலில் இல்லாத எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? கிருமி மாத்திரைக்குப் பழகிவிட்டதா? பிளஸ் டூ படிக்கும் என் மகள், 'இதுதான் டார்வின் சொன்ன பரிணாமம்' என்கிறாள். என் வீட்டுக்காரர், 'அது லட்சக்கணக்கான வருஷத்தில் நடக்கிற சங்கதி, அதுவும் வெறும் தியரி' என்கிறார். யார் சொல்வது சரி? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தம்பியை எங்களோடு வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, காசிமேடு

பதில் (நெஞ்சக நோய் மருத்துவர்):

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. வீட்டுக்காரர் கேட்பதும் நியாயமான சந்தேகம்தான், அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் பிள்ளைகள் விஷயம், அது காத்திருக்காது. இருமல் இருக்கிறதோ இல்லையோ, தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் இந்த வாரமே பரிசோதனைக்குப் போங்கள். பக்கத்து மாநகராட்சி சுகாதார நிலையம் போதும். அங்கே எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். 5 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் அந்தப் பிள்ளையை முதலில் காட்டுங்கள். போனதும் 'வீட்டில் ஒருவருக்கு மருந்து கேட்காத டிபி' என்று மறக்காமல் சொல்லுங்கள். நோய் வராமல் தடுக்கக் கொடுக்கும் மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான்.

சரி, இனி உங்கள் கேள்வி.

கிருமிக்கு மருந்து பழகிப்போச்சு என்று எங்கள் புறநோயாளர் பிரிவில் தினமும் யாராவது சொல்வார்கள். இந்த எண்ணத்துக்கு 200 வருஷத்துக்கு மேல் வயது. 1809இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார்: ஓர் உயிர் தன் வாழ்நாளில் சூழலுக்கு ஏற்ப உடம்பை மாற்றிக்கொள்கிறது, அந்த மாற்றம் அதன் பிள்ளைகளுக்கும் போகிறது. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டி இலை தின்றதால் கழுத்து நீண்டது என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அது இவர் சொன்னதுதான். லமார்க்கைக் கேலி செய்வது பாடப்புத்தகங்களுக்கு ஒரு பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உயிரினங்கள் படைத்தபடியே இருக்கின்றன என்று ஊரே நம்பிய காலத்தில், இல்லை மாறுகின்றன என்று துணிந்து சொன்ன மனிதர். எப்படி மாறுகின்றன என்பதில்தான் அவர் கணக்கு தப்பிப்போனது.

அதே 1809இல் பிறந்தவர் டார்வின். பீகிள் கப்பலில் ஐந்து வருஷம் உலகத்தைச் சுற்றிவிட்டு 1836இல் ஊர் திரும்பினார். இரண்டு வருஷம் கழித்து, மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதியதைப் படித்தபோது அவருக்கு விஷயம் பிடிபட்டது. எந்த உயிரும் பிழைக்க முடிகிறதைவிட அதிகமாகவே குட்டியும் குஞ்சும் போடுகிறது. அவை எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. இருக்கிற சூழலுக்குத் தோதான ஏதோ ஒரு வித்தியாசம் எவற்றிடம் இருக்கிறதோ அவை அதிகமாகத் தப்பி, அதிகமாகப் பெருகும். அந்த வித்தியாசம் அவற்றின் வாரிசுகளுக்கும் போகும். இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். இதில் எந்தத் தனி உயிரும் மாறத் தேவையில்லை. கூட்டத்தில் எந்த ரகம் எத்தனை என்ற விகிதம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது.

டார்வின் இதை 20 வருஷம் வெளியிடாமல் வைத்திருந்தார். மலாய்த் தீவுகளில் பூச்சியும் பறவையும் பிடித்து விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த வாலஸ், 1858இல் காய்ச்சலில் கிடந்தபோது அதே மால்தஸை நினைத்து, அதே முடிவுக்கு வந்து, அதை எழுதி டார்வினுக்கே அனுப்பிவிட்டார். அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னியன் சங்கத்தில் இருவர் எழுத்தையும் சேர்த்தே வாசித்தார்கள். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' அடுத்த வருஷம் நவம்பரில் வந்தது. வாலஸுக்குச் சேர வேண்டிய பேர் இன்னும் முழுசாகச் சேரவில்லை என்பது என் ஆதங்கம். அதை உங்கள் மகள் தனியாகத் தேடிப் படிக்கட்டும்.

இப்போது இதைத் தம்பியின் நெஞ்சுக்குள் வைத்துப் பார்ப்போம். டிபியில் நுரையீரலில் குழி விழுந்தால், ஒரு குழிக்குள் மட்டும் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும்போது தன் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. எப்போதாவது அதில் ஓர் எழுத்து தவறிப்போகிறது. பெரும்பாலான தவறுகளால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. சில தவறுகள் கிருமியையே சாகடித்துவிடும். மிக அபூர்வமாக, மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடத்திலேயே தவறு விழுகிறது. ரிஃபாம்பிசின் எந்தப் புரதத்தில் ஒட்டிக் கிருமியை முடக்குகிறதோ அந்தப் புரதத்துக்கான மரபணுவில் 81 எழுத்து நீளத்துக்கு ஒரு சின்னப் பகுதி உண்டு. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் பெரும்பகுதி அங்கே விழும் தவறுகளால்தான் வருகிறது. ஒரே ஓர் எழுத்து மாறினாலும் மருந்து சரியாக ஒட்டாமல் போகலாம்.

எத்தனை அபூர்வம்? ஐசோநயசிட் கேட்காத கிருமி சுமார் 10 லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசின் கேட்காதது சுமார் 10 கோடியில் ஒன்று. அப்படியென்றால் போன ஏப்ரலில் உங்கள் தம்பி முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே, அந்தக் குழிக்குள் ஐசோநயசிட்டுக்கு மசியாத கிருமிகள் ஒரு நூறும், ரிஃபாம்பிசினுக்கு மசியாதது ஒன்றும் இருந்திருக்கும். அவை எந்த மாத்திரையையும் கண்டதே இல்லை. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். வெளியே இருந்து வர வேண்டிய அவசியமே இல்லை, உள்ளேயே இருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை. மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் காலி செய்து கொடுத்தது.

ஏப்ரல் டெஸ்ட் அதைக் காட்டவில்லையே என்பீர்கள். சிபிநாட் மாதிரியான பரிசோதனைகள் சளியில் இருக்கும் கிருமிக் கூட்டத்தின் டிஎன்ஏவை மொத்தமாகப் பார்த்து, பெரும்பான்மை எப்படி இருக்கிறதோ அதைத்தான் சொல்லும். லட்சத்தில் ஒன்றும் கோடியில் ஒன்றும் அதன் கண்ணில் படாது. டெஸ்ட் எடுத்தவர்கள் மேலும் தப்பில்லை, இயந்திரத்தின் மேலும் தப்பில்லை. டிசம்பருக்குள் சிறுபான்மை பெரும்பான்மையாகிவிட்டது, அதனால் இப்போது தெரிகிறது.

மருந்தைக் காணாமலே எதிர்ப்பு இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1943இல் அமெரிக்காவில் லூரியாவும் டெல்ப்ரூக்கும் ஒரு சோதனை செய்தார்கள். பாக்டீரியாவைத் தின்று அழிக்கும் வைரஸ்கள் உண்டு. தனித்தனிக் குழாய்களில் சில பாக்டீரியாக்களை விட்டு, கோடிக்கணக்கில் பெருக வைத்து, ஒவ்வொரு குழாயில் இருந்ததையும் வைரஸ் பூசிய தட்டில் கொட்டினார்கள். வைரஸைச் சந்தித்த பிறகுதான் பாக்டீரியா பழகிக்கொள்கிறது என்றால், எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் தப்பிப் பிழைக்க வேண்டும். அதற்கு மாறாக, குழாயில் பெருகும்போதே தற்செயலாகத் தவறு விழுகிறது என்றால் கதை வேறு. ஒரு குழாயில் முதல் சில பிரிவிலேயே தவறு விழுந்தால் அதன் வாரிசுகள் ஏராளமாக இருக்கும். கடைசியில் விழுந்தால் ஒன்றிரண்டு. விழாவிட்டால் ஒன்றுமே இல்லை. இரண்டாவது மாதிரிதான் வந்தது: பல குழாய்களில் பூஜ்யம், சிலவற்றில் ஒன்றிரண்டு, ஏதோ ஒன்றில் மட்டும் கொத்தாக. ஒரு நடன விருந்தில் சக ஆசிரியர் சூதாட்ட இயந்திரத்தில் காசு போட்டுப் போட்டு இழந்து, திடீரென்று மொத்தமாக ஜெயித்ததைப் பார்த்தபோது இந்த யோசனை வந்ததாக லூரியா பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அதுவும் போதாது என்று நினைத்தவர்களுக்கு 1952இல் எஸ்தர், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி ஒரு வெல்வெட் துணியை எடுத்தார்கள். தட்டில் வளர்ந்த பாக்டீரியாப் புள்ளிகள் மேல் துணியை ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த பல தட்டுகளில் வரிசையாக ஒற்றினார்கள். ஒவ்வொரு தட்டிலும் தப்பித்த புள்ளி ஒரே இடத்தில் இருந்தது. திரும்பிப் போய் மருந்தே படாத மூலத் தட்டில் அந்த இடத்தில் இருந்து எடுத்துப் பார்த்தால், எதிர்ப்பு அங்கேயே இருக்கிறது. அவர்கள் பயன்படுத்திய மருந்துகளில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின், டிபிக்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து. லமார்க்கின் விளக்கம் பாக்டீரியா விஷயத்தில் நிற்காது என்பது அதோடு முடிவானது.

ஒரே நேரத்தில் நான்கு மருந்து ஏன் கொடுக்கிறோம் என்பது இப்போது புரியும். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்த 1940களில் நோயாளிகள் சில மாதம் தேறினார்கள், அப்புறம் பலருக்கு மருந்து கேட்காமல் போனது. இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்ததும் அது வெகுவாகக் குறைந்தது. காரணம் வெறும் பெருக்கல். 10 லட்சத்தில் ஒன்றையும் 10 கோடியில் ஒன்றையும் பெருக்கினால் 100 லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமி எந்த மனிதனின் நெஞ்சிலும் கிடையாது. ஐசோநயசிட்டுக்குத் தப்பிய நூறை ரிஃபாம்பிசின் பார்த்துக்கொள்ளும், ரிஃபாம்பிசினுக்குத் தப்பிய ஒன்றை ஐசோநயசிட் பார்த்துக்கொள்ளும்.

'எல்லாம் ஒரே மாத்திரைக்குள்தானே இருந்தது, விட்டாலும் சேர்த்துத்தானே விட்டான்?' என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. சேர்ந்து உள்ளே போனாலும் அந்த மருந்துகள் ரத்தத்தில் இருந்து ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. குழியின் எல்லா மூலைக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதும் இல்லை. தினமும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது மூடும். நாலு நாள் சாப்பிட்டுப் பத்து நாள் விட்டு மறுபடி தொடங்கினால், ஒரே ஒரு மருந்து மட்டும் வேலை செய்யும் இடமும் நேரமும் திரும்பத் திரும்ப உண்டாகும். அந்த நேரத்தில் ஐசோநயசிட்டுக்கு மசியாத நூறு கிருமிகளுக்குப் போட்டியே இல்லை. டிபி கிருமி இரண்டாகப் பிரியச் சுமார் 20 மணி நேரம். நூறு 10 கோடியாக 20 தடவை இரட்டித்தால் போதும். தடையே இல்லாமல் வளர்ந்தால் 17 நாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி இழுத்துப் பிடிப்பதால் உண்மையில் இன்னும் கூட ஆகும். ஆனால் உங்கள் தம்பிக்கு அந்த மாதிரி எத்தனையோ கடல் பயணம் இருந்தது. இப்படி வளர்ந்த 10 கோடியும் ஐசோநயசிட்டுக்கு மசியாதவை. அந்த 10 கோடியில் ரிஃபாம்பிசினுக்கும் மசியாத ஒன்று இருக்கும் அல்லவா? ஒரே தாவலில் நடக்க முடியாதது இரண்டு படியில் நடந்துவிட்டது.

பரிணாமத்தை நம்பாதவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இவ்வளவு நுணுக்கமான கண் தற்செயலாக வந்திருக்குமா என்பார்கள். ஒரே தாவலில் என்றால் வந்திருக்காதுதான். தவறு விழுவது மட்டும்தான் தற்செயல். எது நிலைக்கிறது என்பதைச் சூழல் ஒவ்வொரு தலைமுறையிலும் சலித்து எடுக்கிறது. முதல் படி ஜெயித்துக் கூட்டம் பெருகின பிறகுதான் இரண்டாவது படிக்கு வாய்ப்பே வருகிறது.

வீட்டுக்காரரின் லட்சம் வருஷத்துக்கு வருவோம். பரிணாமம் வருஷக் கணக்கில் ஓடுவதில்லை, தலைமுறைக் கணக்கில் ஓடுகிறது. 20 மணிக்கு ஒரு தலைமுறை என்றால் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை சுமார் 290 தலைமுறை வரை ஓட இடம் இருக்கிறது. மனிதனுக்கு 25 வருஷம் ஒரு தலைமுறை என்று வைத்தால் அது 7,000 வருஷத்துக்கு மேல். வெறும் தியரி என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கிருமியால் நோய் வருகிறது என்பதும் தியரிதான். டிபிக்குக் காரணம் இந்தக் கிருமி என்று ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. டார்வின் இறந்தது அதே வருஷம் ஏப்ரல் 19. இரண்டு தியரியும் சேர்ந்துதான் இன்று உங்கள் தம்பியின் மருந்துச் சீட்டை எழுதுகின்றன.

டார்வினுக்குத் தெரியாத முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. வித்தியாசம் எப்படிப் பிள்ளைகளுக்குப் போகிறது? அப்பா அம்மா குணங்கள் கலந்து நடுத்தரமாகிவிடும் என்றால், நல்ல வித்தியாசம் சில தலைமுறையில் கரைந்து காணாமல் போய்விடுமே என்று கேட்டார்கள், அவரிடம் சரியான பதில் இல்லை. 1866லேயே மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து அதற்குப் பதில் எழுதியிருந்தார், 1900 வரை யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1920களிலும் 30களிலும் ஃபிஷர், ஹால்டேன், ரைட் மூவரும் மெண்டலையும் டார்வினையும் கணக்கால் சேர்த்துக் கட்டினார்கள். ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேஸ்வரில் காலமானவர்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வலை தெரியும் என்பதால் ஒரு மீன் உதாரணமும் சொல்லிவிடுகிறேன். 2002இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு அது. தொட்டியில் வளர்த்த சின்ன ரக மீன்களில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரியதாகப் பார்த்து 90 சதவீதத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் முட்டையிட விட்டார்கள். நாலே தலைமுறையில் மீன் சிறுத்துப்போனது. சின்னதை எடுத்துப் பெரியதை விட்ட தொட்டியில் மீன் பெருத்தது. கனடாப் பக்கத்துக் கடலில் அளவில்லாமல் பிடித்த காட் மீனும் சின்ன வயதிலேயே, சின்ன உருவத்திலேயே முட்டைக்கு வர ஆரம்பித்தது. எந்த மீனும் வலைக்குப் பழகவில்லை. வலைக்கண்ணில் நழுவியது எதுவோ அது வம்சம் வைத்தது.

அப்படித் தப்பிய கிருமி முன்னைவிடப் பலசாலியா? அவசியமில்லை. மருந்து ஒட்டாத மாதிரி மாறிய புரதம் சில சமயம் தன் வேலையையே மெதுவாகத்தான் செய்யும். மருந்து இல்லாத நெஞ்சில் அந்தக் கிருமி பழைய கிருமியிடம் தோற்கலாம். சில வகைகளில் இன்னொரு தவறு விழுந்து அந்தக் குறையும் சரியாகிவிடும். எப்படியானாலும், அது ஆபத்தாவது நம்மிடம் இருக்கும் மருந்துப் பட்டியல் சுருங்கிப்போவதால்தான்.

முழுப் பழியையும் தம்பி மேல் போட்டுவிடாதீர்கள். வேறு யாரோ ஒருவரிடமிருந்து ஏற்கெனவே எதிர்ப்புள்ள கிருமியை அவர் புதிதாக மூச்சில் வாங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நெருக்கமான தெருக்களில் அது நடக்கிறது. எப்படி வந்தது என்றாலும் வைத்தியம் ஒன்றுதான். கடலில் ஏன் விட்டார் என்று கேட்டுப் பாருங்கள். குமட்டலாக இருக்கலாம், படகில் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சமாக இருக்கலாம். போவதற்கு முன் சொல்லியிருந்தால் அத்தனை நாளுக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அது அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம்ம ஊர். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு அது. சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை, இன்னொரு பகுதியினருக்கு சானடோரியத்தில், அதாவது டிபி நோயாளிகள் தங்கி வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில், வைத்து மாத்திரை. 1959இல் முடிவு வந்தபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. உலகம் முழுக்க டிபி சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அது மருந்து கேட்கும் டிபி. தம்பி விஷயத்தில், சளியில் கிருமி இல்லை என்று முடிவு வரும் வரை அவர் தனி அறையில் அல்லது காற்று நன்றாக ஓடும் மூலையில் படுக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகளோடு இருக்கும்போது முகக்கவசம் போடட்டும். தட்டு, டம்ளரைப் பிரிக்க வேண்டாம், இது காற்றில் பரவுகிற நோய்.

முன்பு இதற்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் வைத்தியம். இப்போது பெடாகுயிலின் உள்ளிட்ட மருந்துகள் சேர்ந்த 6 மாதக் கோர்ஸ் வந்துவிட்டது. தம்பிக்கு அது ஒத்துவருமா என்பதை மற்ற பரிசோதனைகளைப் பார்த்து மருத்துவமனையில் முடிவு செய்வார்கள். எல்லாம் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். இடையிடையே ஈசிஜி எடுப்பார்கள், தவற விடாதீர்கள். கால் மரத்துப்போனாலோ எரிந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே சொல்லுங்கள். அளவைக் கூட்டிக் குறைப்பது அவர்கள் வேலை, நீங்களாக நிறுத்தக் கூடாது. சளி சுத்தமாகும் வரை கடல் வேண்டாம். அதற்கப்புறம் போவதாக இருந்தால் பயண நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக மாத்திரை வாங்கிக்கொண்டு, படகில் நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. நடுவில் இருமல் கூடினால் தெருமுனையில் யாரோ சொன்னார்கள் என்று ஓர் ஊசியையோ மாத்திரையையோ தனியாகச் சேர்க்காதீர்கள். தோற்றுக்கொண்டிருக்கும் வைத்தியத்தில் ஒரே ஒரு புது மருந்தைச் சேர்த்தால், அந்த மருந்துக்கு மசியாத கிருமியை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். வீட்டில் பழைய கோர்ஸ் மாத்திரை மிச்சம் இருந்தால் அதையும் அடுத்த முறை போகும்போது எடுத்துப் போய் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.